ஒரே பக்கம் சாய்ந்த முளைகள்: கல்லடிப் பட்டறையில் ஒரு புறாவால் மூட்டும் நான்கு வாள்களும்

மட்டக்களப்புக் கல்லடியில் உள்ள என் தச்சுப் பட்டறையில், காத்தான்குடி ஹாஜியார் ஒருவர் மகளின் கலியாணத்துக்கென்று கேட்ட பெட்டி அது. அவர் வீட்டில் மூத்தம்மா காலத்து முதிரை மரப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. அதன் மூலைகளில் ஒரு ஆணிகூடக் கிடையாது, எல்லாம் புறாவால் மூட்டு. பலகையின் நுனி புறாவின் வாலைப் போல விரிந்து, மற்றப் பலகையின் முளைகளுக்கிடையே போய் உட்கார்ந்திருக்கும். "இந்த மாதிரி மூலை வேணும் தம்பி. ஆணி அடிச்சு, மரத்தூளும் பசையும் குழைச்சுப் பூசித் தாறதெண்டா நான் கடையிலயே வாங்கியிருப்பனே" என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். தேக்கில் 22 அங்குல நீளம், 12 அகலம், 10 உயரம். பலகை முக்கால் அங்குலம். உள்ளே முதிரையில் ஒரு சின்ன லாச்சி (இழுப்பறை), அதற்கு அரை அங்குலப் பலகை. பெட்டியின் ஒவ்வொரு மூலையிலும் ஐந்து வால்கள் என்று பிரித்தேன். ஐந்து வாலுக்குப் பத்து அறுப்பு, எதிர்ப்பலகையில் நாலு முழு முளைக்கும் ஓரத்து இரண்டு அரை முளைக்கும் இன்னொரு பத்து. மூலைக்கு 20, பெட்டிக்கு 80. இந்த 80 அறுப்பையும் அக்காவின் மகனிடம் விட்டேன். பத்தொன்பது வயது, பட்டறைக்கு வந்து ஒன்றரை வருடம், உளியில் நல்ல கை.

முதல் பெட்டி கழிந்தது. முதல் மூலையைக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கியபோதே ஒரு வால் விரிந்து வெடித்தது. மற்ற மூன்றும் இறங்கின, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் முளைகளின் பக்கத்தில் கறுப்பாகக் கோடு கோடாக இடைவெளி. "என்னகா மருமகன் இது, பல்லி குடும்பத்தோட குடியிருக்கலாம் போல" என்று கத்திவிட்டேன். அவன் பேசவில்லை. நல்ல தேக்குப் பலகை போனது ஒரு பக்கம், நாள் நெருங்குவது இன்னொரு பக்கம். எனக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கோபம் போனது தப்பான இடத்துக்கு.

அன்றிரவு வெடித்த மூலையைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முளைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன, சூறாவளிக்குப் பிறகு தென்னந்தோப்பு நிற்பதைப் போல. அறுப்புத் தொடங்கிய நுனியில் கோடு சரியாக இருந்தது. அடிக்குப் போகப் போக வாள் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. மோட்டார் சைக்கிள் கராஜ்காரனிடம் டெப்பட் கேஜ், அதாவது மெல்லிய தகடுகளை விட்டு இடைவெளி அளக்கும் கருவி, இரவல் வாங்கி, மூலைமட்டத்தை முளைக்கு ஒட்டி வைத்து இடுக்கில் தகட்டை விட்டு அளந்தேன். முக்கால் அங்குல ஆழத்தில் அரை மில்லிமீற்றருக்குக் கிட்டச் சரிவு. ஏறக்குறைய எல்லாமே வலது.

கை நடுங்கினால் பிழை இரண்டு பக்கமும் விழும். ஒரு முளை இடது, ஒரு முளை வலது, ஒன்று தப்பித் தவறிச் சரி. எல்லாம் ஒரே பக்கம் என்றால் அதற்கு இரண்டே காரணம். அறுப்பவன் நிற்கிற நிலை கோணல், அல்லது வாள் கோணல். அதைப் பிரித்தறிவது சுலபம். அதே வாளால் நான் பத்துக் கோடு அறுத்தேன். எனக்கும் வலது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு வாள் வாங்கி மருமகனிடம் கொடுத்துப் பத்து அறுக்கச் சொன்னேன். சில இடது, சில வலது, பெரும்பாலும் கோட்டில். காலையில் அவனிடம் சொன்னேன், "நீ பிழையில்ல, வாள்தான் பிழை." "நான் நேத்தே சொல்லப் பாத்தன் மாமா, நீங்க விடல்ல" என்றான். அது உண்மைதான்.

குற்றவாளி எங்கள் வழமையான வாள். 12 அங்குல நீளம், முதுகில் இரும்புப் பட்டி, பிளாஸ்டிக் பிடி, அங்குலத்துக்கு 12 பல். பல் நுனி நீலம் பூத்திருக்கும், அதாவது மின்சாரச் சூட்டில் கடினமாக்கியது. அரம் அதில் ஏறாது, வழுக்கும். மழுங்கினால் எறிய வேண்டியதுதான். வாளின் பல் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் விரிந்திருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தபோது வலப்பக்கம் விரிந்த பற்கள் இடப்பக்கத்தை விடக் கூடுதலாக வெளியே நின்றன. எப்போதோ ஆணியில் பட்டிருக்கலாம், கழிவுப் பலகையோடு சேர்த்து எறிந்திருக்கலாம். காரணம் எதுவானாலும் விதி ஒன்றுதான்: எந்தப் பக்கம் பல் கூடுதலாக விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மரம் கூடுதலாகக் கழியும், வாளுக்கு அந்தப் பக்கம் இடம் கிடைக்கும், அங்கேயே ஒதுங்கும். சாணைக்கல்லை வலப்பக்கப் பல்லோடு ஒட்டி ஒரே ஒரு தரம் இழுத்தேன். சரிவு பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த வாளுக்கு வேறு இரண்டு குறைகளும் இருந்தன.

ஒன்று, வாள் மரத்தில் விடும் தடத்தின் அகலம். அதன் தகடு 0.8 மி.மீ., பல் விரிப்போடு தடம் 1.3 மி.மீ. தடத்துக்குள் தகடு அரை மில்லிமீற்றர் ஆடலாம். ஆடுகிற வாளை நேராகக் கொண்டுபோவது முழுக்கக் கையின் வேலையாகிவிடுகிறது. இரண்டு, பல்லின் வடிவம். நாருக்குக் குறுக்கே அறுக்கும் பல் கத்தி முனை போல இரு பக்கமும் கூராக்கப்பட்டிருக்கும், அது நாரை வெட்டும். நாரோடு அறுக்கும் பல் சின்ன உளிகளை வரிசையாக நட்டது போல நேராகத் தீட்டப்பட்டிருக்கும், அது நாரைச் சீவி எடுக்கும். புறாவாலில் நாம் அறுப்பது ஏறக்குறைய நாரோடு. கடையில் கிடைக்கும் பொதுவாளின் பல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கதவுச் சட்டத்துக்கு அது போதும். புறாவாலில் மெதுவாகப் போகும், சுவரும் சொரசொரப்பாக வரும்.

புறாவாலுக்கென்றே செய்யும் வாள் எப்படி இருக்கும் என்பதில் ஊருக்கு ஊர் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நீளம் 8 முதல் 10 அங்குலம். அங்குலத்துக்கு 14 முதல் 20 பல், நாரோடு அறுக்கும் தீட்டல். தகடு அரை மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மெல்லியது. மெல்லிய தகடு வளையாமல் இருக்க மேலே பித்தளை அல்லது உருக்கு முதுகு. அமெரிக்காவில் லீ-நீல்சன் செய்யும் வாளில் 15 பல், தகடு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீற்றர் சொச்சம். கனடாவின் வெரிட்டாஸில் 14 பல். அவற்றை இங்கே தருவித்தால் வாளின் விலையோடு கப்பல் கூலியும் வரியும் சேரும். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல உளியும் ஒரு சீவுளியும் வாங்கலாம் என்பது என் கணக்கு. வாங்க முடிந்தவர் வாங்கட்டும், நல்ல வாள்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒரு பெட்டி.

ஆகவே கைக்கு எட்டிய நாலு வாளை மேசையில் வைத்தோம். முதலாவது, சாணைக்கல் பிடித்த எங்கள் பழைய வாள்.

இரண்டாவது, கொரியாவில் வேலை செய்யும் மச்சான் லீவில் கொண்டுவந்த ஜப்பான் வாள். முதுகுத் தகடு உள்ளது, இழுத்து அறுப்பது. இழுக்கும்போது தகடு தானாகவே நிமிர்ந்து நிற்பதால் 0.3 மி.மீ. தடிப்பே போதுமாக இருக்கிறது. தேக்கில் அது வெண்ணெய். தடம் அரை மில்லிமீற்றர், சுவர் சீவுளி பிடித்தது போல. மருமகன் "இது போதும் மாமா, வேற என்னத்துக்கு" என்றே சொல்லிவிட்டான். பிறகு முதிரைத் துண்டை வைத்தோம். முதிரையின் நார் ஒரு திசையில் ஓடாது. பின்னிப் பின்னி ஓடும், மரமும் கல்லுப் போல. ஏழாவது அறுப்பில் டிக் என்று ஒரு சத்தம். பார்த்தால் இரண்டு பல் இல்லை. அந்த வாள்கள் பிறந்தது சீடர், சைப்பிரஸ் போன்ற மென்மையான மரத்துக்கு. பல் நீளம், மெலிவு, கடினம். நொறுங்கத்தான் செய்யும். இதையும் அரத்தால் தீட்ட முடியாது, தகட்டைத்தான் மாற்ற வேண்டும், தகடு கொரியாவில். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாவதில்தான் எனக்கு ஆசை அதிகம். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஓடாவியார் வீட்டுச் சுவரில் தொங்கியது. பித்தளை முதுகு, அதில் ஷெஃபீல்ட் என்று பொறித்த முத்திரை, கையில் பட்டுப் பட்டுக் கறுத்த மரப்பிடி. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபின் அவருடைய பட்டறையில் மிஞ்சிய சாமான்களில் இதுவும் ஒன்று. மூன்றாம் நாள் மணலுக்குள்ளிருந்து எடுத்தாராம். "கொண்டு போ மனே. ஏலுமெண்டா உயிர் குடு" என்று தந்தார். துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய மணல்தாளும் கொண்டு இரண்டு நாள் எடுத்தேன். தகடு வெளுத்தது, ஆனால் உப்புத் தண்ணீர் பல் வரிசையோரம் குழி குழியாகத் தின்றிருந்தது. பழைய பல்லை அராவி இறக்கிப் புதுப் பல் போட்டு விரிக்கப் பார்த்தால், குழி இருந்த இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று ஒடிந்தது. இன்னும் இறக்கினால் நல்ல உருக்கு வரலாம், ஆனால் தகட்டின் உயரமே போய்விடும். விட்டுவிட்டேன். பழைய ஷெஃபீல்ட் வாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்வார்கள். கண்ணைத் திறந்து, பல்லுக்குப் பக்கத்தில் குழி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நடுத் தகட்டில் துரு இருந்தால் பாதகமில்லை.

நாலாவது, கொழும்பிலிருந்து பார்சலில் வந்த நேர்ப்பிடி வாள். திருப்புளிக்குப் பிடி இருப்பது போல உருண்டைப் பிடி, பித்தளை முதுகு, 10 அங்குலம், 15 பல், தகடு 0.5 மி.மீ. நாலிலும் விலை குறைந்தது இதுதான், அந்த ஜப்பான் வாளின் அரைவாசிகூட வராது. பெட்டியைத் திறந்து அறுத்துப் பார்த்தபோது நாலிலும் மோசமானதும் இதுதான். குறுக்கறுப்புப் பல், அதுவும் அசிரத்தையாகத் தீட்டியது. விரிப்பு அளவுக்கு மிஞ்சியது; அரை மில்லிமீற்றர் தகடு 0.9 மில்லிமீற்றர் தடம் போட்டது. ஆனால் பல் நீலம் பூத்திருக்கவில்லை. அரத்தை வைத்து ஒரு இழுவை இழுத்தேன், பிடித்தது. நான் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு இழுவைக்காகத்தான். கடையிலிருந்து வரும்போது வாள் எப்படி அறுக்கிறது என்பதை விட, அதை நாம் திருத்த முடியுமா என்பதே எங்களைப் போன்ற பட்டறைக்குப் பெரிய கேள்வி.

திருத்திய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேலையின் உயிர் இதில் இருந்தது. இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவில் வாளைப் பல் மேலாக வைத்து வைஸில் இறுக்கினோம், பல் மட்டும் கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி. உயரமாக நின்றால் தகடு அதிரும், அரம் கீச்சிடும். முதலில் தட்டை அரத்தைப் பல்லின் மேல் நீளவாட்டில் இரண்டு தரம் ஓட்டினால் எல்லாப் பல்லும் ஒரே உயரத்துக்கு வரும். ஒவ்வொரு பல்லின் உச்சியிலும் சின்னதாக ஒரு மினுக்கம் தெரியும். பிறகு மார்க்கர் பேனையால் பல் வரிசையைக் கறுப்பாக்கிவிட வேண்டும், அரம் எங்கே பட்டது எங்கே படவில்லை என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். 15 பல் என்றால் ஒரு பல்லுக்கும் மற்றதுக்கும் இடையே 1.7 மி.மீ. தான். ஹாட்வெயார் கடை முக்கோண அரம் அதற்குள் இறங்காது, அடுத்த பல்லின் தலையைச் சுரண்டிவிடும். பத்தர்மார் நகை வேலைக்குப் பாவிக்கும் முப்பட்டை ஊசி அரம் சரியாக உட்கார்ந்தது. தகட்டுக்கு நேர் குறுக்காகப் பிடித்து, பள்ளத்துக்கு இரண்டு இழுவை, எண்ணி எண்ணி. மினுக்கம் மறையும் நொடியில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு இழுவை போனால் அந்தப் பல் குட்டையாகிவிடும். குறுக்கறுப்புப் பல் இப்படித்தான் நாரறுப்புப் பல்லாக மாறுகிறது, வேறு வித்தை இல்லை. பல்லின் முன்முகத்தை ஏறக்குறைய நிமிர்த்தி வைத்தேன். மூக்குப் பக்கத்து ஒரு அங்குலத்தில் மட்டும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தேன், தொடக்கத்தில் மரத்தைக் கடித்து நிற்காமல் இருக்க.

விரிப்பைக் குறைக்க ஓடாவியார் சொன்ன வழி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. கொப்பித் தாளை மடித்துப் பல் வரிசைக்கு மேல் போட்டு, வழுவழுப்பான வாயுள்ள வைஸில் வைத்து இறுக்கச் சொன்னார். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. பல் அந்த அளவுக்குத்தான் பக்கத்தில் நிற்க முடியும், மிச்சம் உள்ளே அமுங்கிவிடும். செய்தோம். கடைசியில் இரண்டு பக்கமும் சாணைக்கல்லால் ஒரு மெல்லிய இழுவை. தடம் 0.65 மில்லிமீற்றருக்கு வந்தது. தேக்கில் பத்து அறுப்பு, டெப்பட் கேஜில் மிக மெல்லிய தகடு 0.05, பெரும்பாலான இடத்தில் அதுவே நுழையவில்லை. விரிப்பே இல்லாமல் செய்தால் இன்னும் நன்றாக வரும் என்று மருமகன் நினைத்தான். வராது. கடலோரக் காற்றில் நம் மரம் எப்போதும் கொஞ்சம் ஈரம்தான், விரிப்பில்லாத தகடு பாதியில் இறுகி நின்றுவிடும். இறுகின வாளைத் தள்ளினால் மெல்லிய தகடு வளைந்து கெடும். தகட்டில் மெழுகுதிரி தேய்ப்பது இதற்கு உதவும்.

வாள் சரி. இனிக் கை.

ஓடாவியார் தரையில் குந்தி, பலகையைக் காலால் அமத்திப் பிடித்து அறுத்தவர். எங்களுக்கு அந்த இடுப்பு இல்லை. முழங்கை உயரத்துக்குப் பலகை நிற்கிற மாதிரி வைஸை ஒரு கட்டையில் ஏற்றினோம். வாளும் முழங்கையும் தோளும் ஒரே கோட்டில் வர வேண்டும், முழங்கை விலாவை விட்டு வெளியே போனால் வாள் உள்ளே திரும்பும். பிடியை மூன்று விரலால் பிடித்து ஆட்காட்டி விரலை முதுகோடு நீட்டி விட வேண்டும். குருவிக் குஞ்சைப் பிடிப்பது போல என்பார் ஓடாவியார். இறுக்கிப் பிடிக்கிறவன் வாளைத் திருப்பப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

தொடக்கம்தான் சிரமம். பித்தளை முதுகின் கனத்தை முதல் இரண்டு தள்ளலுக்குக் கையிலேயே ஏந்திக்கொள்ள வேண்டும், பல் மரத்தைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். தடம் விழுந்தபின் கனத்தை விட்டுவிடலாம், பிறகு வாள் தானே இறங்கும். அமத்தத் தேவையில்லை. தகட்டைத் துடைத்து மினுக்கி வைத்தால் இன்னொரு பயனும் உண்டு. பலகையின் விளிம்பு தகட்டில் கண்ணாடி போலத் தெரியும். விளிம்பும் அதன் நிழலும் ஒரே கோடாக ஓடினால் வாள் பலகைக்கு நேர் குறுக்காக நிற்கிறது, முறிந்து தெரிந்தால் கோணல். மூலைமட்டம் எடுக்காமலே தெரியும். மருமகனுக்கு இது பிடித்துப்போய்விட்டது.

வாலின் சாய்வுக்கு, மென்மையான மரத்தில் ஆறுக்கு ஒன்று (ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சரிவு), வயிரமான மரத்தில் எட்டுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு. தேக்கில் ஏழுக்கு ஒன்றும் லாச்சிக்கு எட்டுக்கு ஒன்றும் வைத்தேன். வால்களை முதலில் அறுத்தோம், எதிரெதிர்ப் பலகை இரண்டையும் சோடி சேர்த்து. வாலின் சாய்வு ஒரு பாகை கூடிக் குறைந்தால் கவலை இல்லை, ஏனென்றால் முளைக்கான கோட்டை அந்த வாலை வைத்தே கத்தியால் கீறுகிறோம். பலகையின் தடிப்புக்கு நேர் குறுக்காகப் போனதா என்பதுதான் வாலில் முக்கியம். முளையில் அந்தச் சலுகை கிடையாது. கத்திக் கோட்டின் கழிவுப் பக்கத்தில், கோட்டின் ஒரு பாதியை விட்டுவைத்து அறுக்க வேண்டும். தேக்கின் நுனி நாரில் கத்திக்கோடு தெரியாது. சோக்குத் தூளைத் தேய்த்து ஊதிவிட்டால் வெள்ளையாக நிற்கும்.

இரண்டாவது பெட்டியின் எல்லா அறுப்பையும் அவன்தான் அறுத்தான். நான் வேண்டுமென்றே வாழைச்சேனைக்கு ஒரு வேலையாகப் போய்விட்டேன். மூன்று மூலை அப்படியே இறங்கியது. நாலாவதில் ஒரு முளை கோட்டுக்கு உள்ளே போயிருந்தது, மயிரிழை இடைவெளி. அதே தேக்கில் சீவல் ஒன்றைப் பசை தொட்டுச் செருகினோம். எந்த மூலை என்று நான் ஹாஜியாருக்குச் சொன்னேன், அவர் கண்ணாடி போட்டுத் தேடிவிட்டு "பொய் சொல்றீங்க" என்றார். முதிரை லாச்சி வேறு கதை. முதிரை அமுங்கித் தராது. தேக்கில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தட்டத் தட்ட நார் நசிந்து இடம் விடும், முதிரையில் அதே இறுக்கம் வெடிப்பு. அங்கே வாள் விட்டதை உளியால் சீவிச் சீவிப் பொருத்தியதில் மூன்று நாள் போனது. அந்தத் தூள் பட்டு அவனுக்குக் கையெல்லாம் தடித்துப்போனது, முதிரைத் தூள் சிலருக்கு ஆகாது. வாளைக் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

பெட்டி போனது மாசியில், மாரி ஈரம் இன்னும் காற்றில் இருந்த காலம். ஆடியில் ஹாஜியார் போன் எடுத்தார். "தம்பி, மூலையில கை வச்சாத் தட்டுது." போய்ப் பார்த்தேன். கச்சான் காற்று அடித்துப் பலகை காய்ந்து, அதன் தடிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. நீளவாட்டில் மரம் அவ்வளவாகச் சுருங்காது, ஆகவே முளையின் நுனிகள் இருந்தபடியே இருக்க, அவற்றைச் சூழ்ந்த வால்ப் பலகையின் முகம் உள்ளே போயிருந்தது. நகத்தில் தட்டியது அந்த மேடுதான். இடைவெளி எங்கும் இல்லை. சீவுளியை மெல்லிசாக வைத்து மூலைக்கு இரண்டு இழுவை, மேலே கொஞ்சம் மெழுகு. தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. "மறுகா மாரி வந்தா உள்ளுக்குப் போயிருமோ?" என்று கேட்டார். வந்தால் நுனி கொஞ்சம் பள்ளமாகத் தெரியும், அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன்.

அந்த நேர்ப்பிடி வாள் இப்போது மருமகனுடையது. தேக்கில் மணல் போன்ற சத்து உண்டு, பல்லைச் சீக்கிரம் மழுக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு தரம் அராவ வேண்டியிருக்கிறது. வேலை முடிந்தால் தையல் மெசின் எண்ணெய் துடைத்துத் துணியில் சுற்றி வைக்கிறான். முன்பு தேங்காய் எண்ணெய் போட்டுப் பிசுபிசுத்துப் போனது. அராவிய தேதியைப் பிடியில் பென்சிலால் எழுதிவைக்கிறான். போன தரம் பார்த்தபோது ஆறு தேதிகள் இருந்தன. ஆறாவதின் கீழே, என்னுடைய பழைய வாளை நான் கேட்காமலே, பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரனுக்குக் கொடுத்த தேதியையும் எழுதியிருந்தான்.